கேட்டவர் கடன்

"எனக்குப் பிடித்த பாட்டு இது" என்று ஒரு பாட்டையேனும் சுட்டாதவர் உலகில் இலர். கற்றோர்க்கும் கல்லாதார்க்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும், மனத்திற்கு இனியதோர் இசை உண்டு. இவ்விருப்பத்தைப்பற்றி நாம் ஆராய்வதில்லை. நாவுக்கு இனிப்புப் பிடிப்பதுபோல் செவிக்கு ஓர் இசை பிடிக்கின்றது, அவ்வளவே என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் இனிப்பை உண்டவன் கரும்பை நட்டவனுக்குக் கடன்பட்டிருக்கின்றானா என்று ஒருவர் வினவினால், நாம் சற்றே தயங்கி நிற்கவேண்டிவரும். அங்ஙனமே, ஓர் இசையில் உள்ளம் உருகியவன் அவ்விசையை எழுப்பிய விரல்களுக்குக் கடன்பட்டவனா, அல்லனா? கடன்பட்டவன் எனின், அக்கடனை எதனால் தீர்ப்பது? இவ்வினாவையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், மேனாட்டு "ராக்" இசையில் வரும் கித்தார்த் தனி வாசிப்பு. பாடகர் பாடிக்கொண்டே வருவார். நடுவிலே சொல் நின்றுவிடும். அப்பொழுது கித்தார் வாசிப்பவர் முன்வந்து, சொல்லால் ஆகாததைத் தந்தியால் சொல்லுவார். அது சில விநாடிகளில் முடிவதும் உண்டு. பல நிமிஷங்கள் நீள்வதும் உண்டு. ஆங்கிலத்தில் இதனைச் "சோலோ" என்பர். தனித்து நிற்பது என்பது பொருள். ஊதுகுழல்களும் முரசுகளும் நிறைந்த கூட்டத்தில் கித்தாரின் மெல்லிய ஒலி ஒருகாலத்தில் எடுபடாதிருந்தது. 1930ஆம் ஆண்டுகளில் மின்விசையால் அதன் ஒலியைப் பெருக்கும் வழி பிறந்தபின்னரே, அவ்வாத்தியம் கூட்டத்தின் முன்னே நின்று பேசத் தொடங்கிற்று. இன்று இவ்விசையை விரும்புவோர், பாட்டின் சொற்களை மறந்தாலும் தனி வாசிப்பை மறப்பதில்லை. அதனை வாயாலேயே முணுமுணுத்துக் காட்டுவர். ஆயினும் அதனை வாசித்தவர் யார் என்று கேட்டால், அவருள் பலர் பாடகரின் பெயரையே சொல்லுவர். இங்கேதான் நம் வினா பிறக்கின்றது.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், நியூயார்க் நகரில் பில் ஹேலி என்பவரும் அவருடைய "காமெட்ஸ்" குழுவினரும் "ராக் அரவுண்ட் தி கிளாக்" என்ற பாட்டை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தனர். குழுவில் நிலையான முன்னணிக் கித்தார்க்காரர் இல்லாமையால், டானி செட்ரோன் என்பவரை அன்றைய வேலைக்கு மட்டும் அழைத்தனர். அவர் இரண்டாண்டுகளுக்கு முன், 1952இல், ஹேலியின் வேறொரு பாட்டுக்குத் தாம் வாசித்த தனி வாசிப்பையே ஏறக்குறைய அப்படியே இதற்கும் வாசித்தார். மின்னல்போல் மேலேறி இறங்கும் அவ்வாசிப்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்கு அவர் பெற்ற கூலி 21 டாலர். இசைத்தட்டு வெளிவந்தபொழுது பெரிதாக விற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் செட்ரோன் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். முப்பத்துநான்கு வயது நிரம்ப மூன்று நாள் இருந்தது. மறு ஆண்டில் அப்பாட்டு ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலிக்க, உலகமெங்கும் இளைஞர் அதனைக் கேட்டு ஆடினர். 1955 ஜூலையில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. உலகம் கைதட்டியபொழுது, கைதட்டலுக்குரிய விரல்கள் மண்ணுக்குள் இருந்தன.

பில் ஹேலியை ராக் இசையின் புகழ் மண்டபம் 1987இல் ஏற்றுக்கொண்டது. அவருடன் வாசித்த குழுவினரையோ அம்மண்டபம் இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2012இல்தான் ஏற்றுக்கொண்டது. அப்பட்டியலில்தான் செட்ரோனின் பெயரும் சேர்ந்தது. இதில் ஹேலி செய்த குற்றம் ஒன்றும் இல்லை. பாடியவர் முகம் மேடையில் தெரிந்தது. அவரை உலகம் அறிந்தது. குற்றம் உண்டெனில், அது யாருடையது? அவ்வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தும், "இது யார் கை?" என்று ஒருமுறையும் கேளாதிருந்த கோடிக்கணக்கானோருடையது என்று சொன்னால் தவறாகுமா?

"செட்ரோன் கூலிக்கு வந்தார், பேசிய கூலி கொடுக்கப்பட்டது, கணக்குத் தீர்ந்தது, இதில் கடன் ஏது?" என்பார் சிலர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. உலகத்துக் கொடுக்கல் வாங்கல் யாவும் இதன்மேலேயே நடக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கூலி கொடுத்தவர் ஒருவர். இன்பம் பெற்றவர் வேறொருவர். கொடுத்தவருடைய கணக்குத் தீர்ந்ததனால் பெற்றவருடைய கணக்கும் தீர்ந்துவிட்டது என்பது எந்த நியாயம்? மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். அதன்மேல் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருக்கின்றது. விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார், பாட்டிமார் பெயர் அதில் எங்கேனும் உண்டா? அவர்களுக்கும் நாட்கூலி கொடுக்கப்பட்டது. செக்ரோலில் பெயர் ஏறியது. கணக்குத் தீர்ந்தது என்று தோட்டத்துக் கிராணியார் கோடு கிழித்துவிட்டார். ஆயினும் அவ்வண்டியில் ஏறிச் செல்வோர் அவர்களை ஒரு கணமும் நினையாதிருப்பது முறை என்று நம்மில் யாரேனும் ஒப்புவோமா? நம் வீட்டார் விஷயத்தில் நமக்கு உறைக்கும் நியாயம், நியூயார்க்கில் 21 டாலருக்கு வாசித்தவர் விஷயத்தில் உறையாதிருக்கலாமா? கூலி என்பது உழைப்பின் விலை. நன்றி என்பது உழைத்தவனை மனிதனாக அறிவது. முன்னதைக் கொடுத்து முடிக்கலாம்; பின்னதை அங்ஙனம் முடிக்க இயலாது.

"கலைக்குப் பெயர் எதற்கு? மலர் மணம் வீசுகின்றது. செடியின் பெயரைக் கேட்டா முகர்கின்றோம்?" என்பார் வேறு சிலர். கேட்பதற்கு இவ்வாதம் அழகாக இருக்கின்றது. ஆனால் நம் முன்னோர் இவ்வாறு கருதினாரல்லர். சங்கச் செய்யுட்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுக்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. பெயர் இல்லையே என்று அவர்கள் வாளா இருந்துவிடவில்லை. அப்புலவர் பாட்டில் அமைந்த அருமையான தொடரையே எடுத்து, அதனையே அவருக்குப் பெயராகச் சூட்டினர் என்பர் அறிஞர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்னும் பெயர்கள் இவ்வாறு பிறந்தவை. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. பாட்டு இட்ட பெயர் நிலைத்தது. காரணம் யாது? செய்தவன் ஒருவன் இருந்தான் என்பதை மறவாதிருத்தல் கற்றவர் கடமை என்று அவர்கள் கருதினர் எனலாம். கிடையாத பெயருக்கே அவ்வளவு பாடுபட்ட மரபில் வந்த நாம், தேடினால் கிடைக்கும் பெயரைத் தேடாதிருப்பது நமக்கு அழகன்று. மலருக்குப் புகழ் வேண்டா. அது பிழைப்புக்காகப் பூப்பதில்லை. மனிதனோ பசியோடு வாசிக்கின்றான்.

நிற்க. பெயர் தெரியாமற்போவதெல்லாம் அநீதியாமோ எனின், ஆகாது. 1968ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் நடந்த நிகழ்ச்சியைப் பார்ப்போம். "பீட்டில்ஸ்" குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன், "வைல் மை கித்தார் ஜென்ட்லி வீப்ஸ்" என்ற தம் பாட்டுக்குத் தனி வாசிப்பு வாசிக்குமாறு தம் நண்பர் எரிக் கிளாப்டனை அழைத்துச் சென்றார். பீட்டில்ஸின் தட்டுக்களில் வெளியார் இங்ஙனம் வாசிக்கும் வழக்கமில்லை என்று கிளாப்டன் தயங்கினார். பாட்டு என்னுடையது, வருக என்று ஹாரிசன் அழைத்தார். அவ்வாண்டு நவம்பரில் தட்டு வெளிவந்தபொழுது கிளாப்டனின் பெயர் அதில் அச்சிடப்படவில்லை. மறு ஆண்டில் கிளாப்டனின் "கிரீம்" குழு "பேட்ஜ்" என்ற பாட்டை வெளியிட்டது. அதில் ஹாரிசன் கித்தார் வாசித்தார். அவர் பெயரும் அங்கே ஒரு புனைபெயருக்குள் ஒளிந்திருந்தது. இஃது இரு நண்பர் விருப்பத்தோடு செய்துகொண்ட கைம்மாறு. அவ்விருவரும் புகழ் குறைந்தவரல்லர். பெயரை மறைத்தலும் வெளியிடுதலும் அவர்கள் கையிலேயே இருந்தன. செல்வன் ஒருநாள் உண்ணாதிருப்பது நோன்பு. ஏழை உண்ணாதிருப்பது பட்டினி. பெயர் மறைந்திருத்தலும் அத்தகையதே. தானே விரும்பி மறைத்தவனை நாம் தேடிப் பிடிக்கவேண்டுவதில்லை. மறைக்கப்பட்டவனையே தேடவேண்டும்.

இனி, ஆழமானதொரு தடையை நோக்குவோம். தனி வாசிப்பு என்று நாம் சொல்வது உண்மையில் தனித்ததுதானா? 1958இல் சக் பெரி பாடி வாசித்த "ஜானி பி. குட்" என்ற பாட்டின் தொடக்கக் கித்தார் ஒலியைக் கேட்டவர் மறவார். ராக் கித்தார் கற்கும் இளைஞன் முதலில் பழகுவனவற்றுள் அஃது ஒன்று. 1977இல் அமெரிக்கர் விண்வெளிக்கு அனுப்பிய இரண்டு "வாயேஜர்" கலங்களில் வைத்த பொன் தட்டில், உலக இசைகளோடு இப்பாட்டும் இடம்பெற்றது. அக்கலங்கள் கோள்களையெல்லாம் கடந்து சென்றுவிட்டன. ஆனால் அத்தொடக்க ஒலியின் வடிவம், 1946இல் லூயி ஜோர்டானின் குழு வெளியிட்ட ஒரு தட்டின் தொடக்கத்தில் முன்னரே இருக்கின்றது. அதனை வாசித்தவர் கார்ல் ஹோகன். சக் பெரி இதனை மறைத்தாரல்லர். ஹோகனிடமிருந்து கற்றதைத் தாமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றார். ஆயினும் விண்ணுக்குச் சென்ற ஒலியில் தம் பங்கும் உண்டு என்று ஹோகனைச் சுட்டுவார் சிலரே.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல்நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர்; ஆதலின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. இனிக் கித்தார் இல்லை என்று மனமுடைந்து கிடந்தவரிடம், அத்தொழிற்சாலையின் மேலாள் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீயில் வெந்து இரு விரல்கள் முடங்கியபின்னும் உலகம் வியக்க வாசித்தவர். அத்தட்டைக் கேட்ட அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டி, மீண்டும் பழகினார். பின்னர், விரல் நோவாதிருக்கத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970இல் வெளிவந்த "பிளாக் சப்பாத்" குழுவின் முதல் தட்டோடு, கனத்ததொரு புது இசை மரபே பிறந்தது. இப்பொழுது சொல்லுங்கள்: அந்தப் புகழில் அம்மேலாளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? அவர் ஒரு சுரமும் வாசித்தாரல்லர். ஆனால் அவர் அன்று அத்தட்டைக் கையில் எடுத்து வராதிருந்தால்?

இன்னும் விந்தையானது ஒன்று உண்டு. 1971இல் "ஃபங்கடெலிக்" குழு வெளியிட்ட "மேகட் பிரெயின்" என்ற வாசிப்பு பத்து நிமிஷத்துக்கு மேல் நீள்வது. வாசித்தவர் எடி ஹேஸல். அப்பொழுது இருபது வயதளவினர். உன் தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி இப்பொழுதுதான் உன் காதில் விழுந்தது என்று எண்ணி வாசி என்று குழுத்தலைவர் ஜார்ஜ் கிளிண்டன் அவரிடம் சொன்னாராம். அவ்வாசிப்பைக் கேட்போர் நெஞ்சு கலங்கும். அதன் வலிமையை உணர்ந்த கிளிண்டன், உடன் வாசித்த மற்றோரின் ஒலியைப் பெரும்பாலும் தணித்து, கித்தார் மட்டும் வெட்டவெளியில் அழுவதுபோல் ஆக்கிவிட்டார். அறையில் பலர் இருந்தனர். தட்டில் ஏறக்குறைய ஒருவரே நிற்கின்றார். கலைக்கு அது நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் "தனி" என்று நாம் வியப்பதன் பின்னே, தம் ஒலி அடங்கியதால் பிறர் ஒலியை வாழச் செய்தவர் இருக்கின்றனர் என்பதை எண்ணாதிருக்க முடியுமா?

"பிங்க் ஃப்ளாய்ட்" குழுவின் "கம்ஃபர்ட்டப்ளி நம்ப்" என்ற பாட்டின் இறுதியில் டேவிட் கில்மோர் வாசிப்பதைப் பலர் எல்லாவற்றினும் சிறந்தது என்பர். 1979இல் வந்த அவ்வாசிப்பு ஒரே மூச்சில் பிறந்ததன்று. அவர் ஐந்தாறு முறை வாசித்து, எந்த முறையில் எந்தப் பகுதி நன்றென்று குறித்துவைத்து, நல்லனவற்றைக் கோத்து ஒன்றாக்கினார். இதனைக் கேட்டு ஏமாற்றமடைவோர் உண்டு. நாம் ஏன் ஏமாறவேண்டும்? அருள் வந்து ஒரு கணத்தில் பொழிந்தது என்று நாம் நினைத்தது, உழைத்துச் சலித்துப் பொறுக்கியெடுத்ததாக முடிந்தது. உழைப்பென்று தெரிந்தபின் மதிப்புக் குறையுமானால், நாம் இதுகாறும் மதித்தது கலையையன்று; மாயத்தையே.

ஆகவே, தனி வாசிப்பு என்பது ஒருவருடைய உடைமையன்று என்று தேர்ந்தோம். இதனைக் கண்டு, "பலருக்குரியதெனின் ஒருவருக்கும் உரியதன்று, யாருக்கென்று நன்றி சொல்வது? ஆதலின் கடனே இல்லை" என்று ஒருவர் முடிவு கட்டலாம். இஃது அற்றன்று. ஒரு குடும்பம் பத்துப் பேரிடம் கைம்மாற்று வாங்கியிருந்தால், கடன்காரர் பலராயினர் என்பதனால் கடன் அழிந்துபோகுமா? பலருக்குரிய புகழை ஒருவர் தலையில் ஏற்றுவது ஒரு பிழை. பலருக்குரியது என்று சொல்லி யாருக்கும் கொடாதிருப்பது மற்றொரு பிழை. நன்றி என்பது பங்கிடக் குறையும் பொருளன்று. ஹோகனை நினைப்பதால் சக் பெரி சிறுமையுறார். மேலாளை நினைப்பதால் அயோமியின் விரல் வலி பொய்யாகிவிடாது.

இக்கடனை நாம் செலுத்தாதிருப்பதற்கு மறதி ஒன்றே காரணமாயின், அது சிறு பிழையே. ஆனால் மறதிக்கும் ஒரு போக்கு உண்டு. அது யாரை வேண்டுமானாலும் விழுங்குவதில்லை. எளியாரையே தேடி விழுங்குகின்றது. சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண்மணி 1915இல் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்தவர். 1938இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர். கோயிற்பாட்டைக் கித்தாரோடு கேளிக்கை மன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். மின் கித்தாரைத் தோளில் மாட்டி அவர் வாசித்த துள்ளலான தனி வாசிப்புக்கள், ராக் இசை என்ற பெயர் பரவுவதற்கு முன்னரே அவ்விசையின் வித்தைத் தாங்கியிருந்தன. 1964இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பழைய ரயில் நிலையமொன்றில், மழைக்கிடையே அவர் வாசித்ததைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. லிட்டில் ரிச்சர்டும் ஜானி கேஷும் அவரைப் போற்றியிருக்கின்றனர். ஆயினும் 1973இல் அவர் இறந்தபின், அவர் புதைகுழி முப்பதாண்டுகளுக்கு மேல் பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. சக் பெரியைப் புகழ் மண்டபம் 1986இல் ஏற்றது. தார்ப்புக்கோ 2018இல்தான் கதவு திறந்தது. கித்தார் ஆண்மகன் வாத்தியம் என்று எண்ணிய உலகம், முன்னே நடந்த பெண்ணைப் பார்த்தும் பார்க்கவில்லை. ஆகையால், "இது யார் கை?" என்ற வினா வெறும் ரசிகருடைய வினாவன்று. யாருடைய கையை நாம் பார்க்க மறுக்கின்றோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் வினா.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்துக்கு அடுத்து நடுவுநிலைமை என்ற அதிகாரத்தை வைத்தார். வைப்பு முறையில் ஒரு நுட்பம் காணலாம். நன்றி மிகுந்தவன் நடுநிலை தவறுதல் எளிது. எனக்கு நன்மை செய்தவர் செய்வதெல்லாம் நன்மையே என்று அவன் சொல்லத் தொடங்குவான். கித்தார்க்காரரை அறியப் புகுந்தால், அவருடைய குறையும் நம் கண்ணில் படும். மேலே சொன்ன கிளாப்டனே சான்று. அவர் கற்ற "புளூஸ்" இசை அமெரிக்கக் கறுப்பினத்தார் துன்பத்தில் பிறந்தது. 1968இல் கிரீம் குழுவோடு அவர் வாசித்துப் புகழ்பெற்ற "கிராஸ்ரோட்ஸ்", ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பினக் கலைஞர் 1936இல் பாடிப் பதிந்த பாட்டு. 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற அவர் தட்டு, ஜமெய்க்கா நாட்டுப் பாப் மார்லி இயற்றிய பாட்டு. இவ்வளவும் பெற்றவர், 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் நின்று, பிரிட்டனில் குடியேறிய வேற்று நிறத்தார் வெளியேறவேண்டும் என்று பேசி, குடியேற்றத்தை எதிர்த்த ஈனக் பவல் என்ற அரசியல்வாதியை ஆதரித்தார். அப்பேச்சைக் கேட்டுக் கொதித்தவர்கள் "நிறவெறிக்கு எதிராக ராக்" என்ற இயக்கத்தை அவ்வாண்டே தோற்றுவித்தனர். பல ஆண்டுகளுக்குப்பின் கிளாப்டன் அதற்காக வெட்கம் தெரிவித்தார்.

கடல் கடந்து வந்து, வந்த நாட்டில் "உன் ஊருக்குப் போ" என்ற சொல்லைக் கேட்டறிந்த மக்கள் நாம். இச்செய்தியைப் படிக்கும்பொழுது நம் உள்ளம் கசப்பது இயல்பே. அப்படியாயின் அவர் வாசிப்பை இனிக் கேட்கலாகாதா? கேட்டபொழுது பெற்ற இன்பத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பெற்றதைப் பெறவில்லை என்று சொல்வது பொய். வாசிப்பு இனிது என்பதனால் பேச்சைப் பொறுத்துக்கொள்வது அடிமைத்தனம். அந்த வாசிப்பு நன்று என்றும், அந்தப் பேச்சு தீது என்றும், ஒரே வாயால் இரண்டையும் சொல்லக்கூடியவனே நடுநிலையாளன். அவன் இன்னும் ஓரடி மேலே செல்லுவான். கிளாப்டனிடம் தான் பெற்ற இன்பத்தில் ஒரு பெரும் பங்கு ராபர்ட் ஜான்சனிடமிருந்தும் அவரைப் போன்றாரிடமிருந்தும் வந்தது என்று உணர்ந்து, நன்றியின் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோய்ச் செலுத்துவான். கடன்பட்டவர் மறந்தாலும், அவரிடம் பெற்றவர் மறவாதிருக்கலாம் அன்றோ?

இனி, கேட்டவர் கடனை எதனால் தீர்ப்பது என்ற வினாவுக்கு விடை கூறுவோம். பணத்தால் மட்டும் தீராது. பணம் பெரும்பாலும் பெயர் அச்சிட்டவரிடமே போய்ச் சேருகின்றது. செட்ரோனுக்கு இனி ஒரு காசும் கொடுக்க இயலாது. ஆனால் மூன்று காரியங்கள் நம் எல்லார்க்கும் ஆகும். முதலாவது, நம்மை உருக்கிய வாசிப்பு யாருடையது என்று தேடி அறிதல். முன்னாளில் இதற்குத் தட்டின் உறையைப் புரட்டவேண்டும். இந்நாளில் கைப்பேசியில் சிறிது நேரம் தேடினாலே போதும். இரண்டாவது, பாட்டை ஒருவருக்குக் கொடுக்கும்பொழுது பெயரையும் சேர்த்துக் கொடுத்தல். "இதைக் கேள்" என்பதோடு நில்லாமல், "இதை வாசித்தவர் இன்னார்; அவர் இன்னாரிடம் கற்றார்" என்று சொல்லுதல். மூன்றாவது, அவர் குறையை மறையாமலும் அவர் நிறைவைக் குறையாமலும் சொல்லுதல். இவற்றிற்குச் செல்வம் வேண்டா. கல்லூரிப் படிப்பு வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

இது சிறு காரியமன்றோ, இதனால் உலகம் திருந்திவிடுமா என்று கேட்கலாம். சிறு காரியமே. ஆனால் தன் செவிக்கு இன்பம் தந்தவனையே யாரென்று கேளாதவன், தன் வயிற்றுக்குச் சோறு தந்தவனை யாரென்று எங்ஙனம் கேட்பான்? தான் நடக்கும் சாலையை வெட்டியவனை, தான் ஏறும் வண்டிக்குப் பால் எடுத்தவனை, எங்ஙனம் நினைப்பான்? கைகளைத் தேடும் பழக்கம் ஓரிடத்தில் தொடங்கினால் மற்ற இடங்களுக்கும் பரவும். அஃது இசையிலேயே தொடங்கட்டும். அங்கே தேடுவது இனிமையானதும்கூட. அடுத்தமுறை பாட்டின் நடுவே சொல் நின்று தந்தி பேசத் தொடங்கும்பொழுது, தலையசைத்து மகிழுங்கள்; மகிழ்ந்தபின், அது யார் கை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.